பழைய தண்டனையும் புதிய பாலிசியும்



பிரிட்டனில் கார் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதமோ மின்னஞ்சலோ வந்துவிடும். பாலிசி இன்ன தேதியில் முடிகிறது, புதுப்பிக்க இவ்வளவு ஆகும், போன ஆண்டு கட்டியது இவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். தொகையைப் பார்த்ததும் பலர் அதை மூடி வைத்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது. ஓட்டுநர் பெயர், தொழில், முகவரி, இரவில் கார் நிற்கும் இடம், ஆண்டுக்கு எத்தனை மைல், கடந்த 5 ஆண்டுகளில் விபத்து உண்டா, கடந்த 5 ஆண்டுகளில் வாகனக் குற்றத்துக்குத் தண்டனை உண்டா. கடைசிக் கேள்விக்கு எதிரே, என்றோ ஒருநாள் கொடுத்த பதில் அப்படியே அச்சாகியிருக்கும்: 'இல்லை.'

அந்த ஒரு சொல்தான் இந்தச் சொற்பொழிவின் பொருள். அது இன்றைக்கும் உண்மைதானா என்று பார்க்காமல் பாலிசியைப் புதுப்பித்துவிட்டு, விபத்துக்குப் பிறகு கையில் பணமின்றி நிற்பவர்கள் ஒருபுறம். சட்டமே இனிச் சொல்ல வேண்டாம் என்று விடுவித்த பழைய தண்டனையை ஆண்டுதோறும் தாமாகவே எழுதிக் கொடுத்துக் கூடுதல் பிரீமியம் கட்டுகிறவர்கள் மறுபுறம். முதலாமவருக்குத் தன் கடமை தெரியவில்லை. இரண்டாமவருக்குத் தன் உரிமை தெரியவில்லை. இருவரையும் காப்பாற்றக்கூடியது ஒன்றே: கேள்வி என்ன கேட்கிறது, எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்ற தெளிவு. இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் சட்டம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில விதிகள் வேறு.

ஒரு கோட்டையும் ஒரு தீர்ப்பும்

காப்பீடு எடுப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற விதியின் வேரைத் தேடினால் சுமத்ரா தீவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1685-இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், கிழக்கிந்தியக் கம்பெனியின் மிளகு வாணிபத்துக்காக அங்கே பென்கூலன் குடியிருப்பை நிறுவினார்கள். பிற்காலத்தில் சென்னைக்குக் கவர்னராக வந்து, திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களுக்காகக் காலடிப்பேட்டையை அமைத்தவர் ஜோசப் கோலெட். அவர் அதற்கு முன் பென்கூலனில் இருந்தபோது கட்டத் தொடங்கியதுதான் மார்ல்பரோ கோட்டை.

அக்கோட்டையின் கவர்னராக இருந்த கார்ட்டர், 1759 அக்டோபர் முதல் ஓராண்டுக்குள் கோட்டை அந்நிய எதிரியிடம் வீழ்ந்தால் நட்டஈடு கிடைக்கும்படி லண்டனில் காப்பீடு எடுக்க ஏற்பாடு செய்தார். 1760-இல் பிரெஞ்சுப் படை தெஸ்தேன் தலைமையில் வந்து கோட்டையைப் பிடித்தது. காப்பீடு அளித்த போம் பணம் தர மறுத்தார். கோட்டை பலவீனமானது, ஐரோப்பியப் படையைத் தாங்காது, பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. இவற்றையெல்லாம் கவர்னர் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

1766-இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அளித்த தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். காப்பீட்டில் முக்கியமான செய்திகள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரிந்தவை, ஆகவே இரு தரப்பும் முழு நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்ற விதியை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆனால் வழக்கில் வென்றவர் கார்ட்டர்தான். கோட்டையின் நிலையும் போர்ச் சூழலும் லண்டனில் இருப்பவர் தாமே ஊகிக்கக்கூடியவை, வேண்டுமென்றால் கேட்டறியக்கூடியவை. கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர், நட்டம் வந்த பிறகு சொல்லவில்லையே என்று குறைசொல்ல முடியாது.

பின்வந்த நீதிமன்றங்கள் தீர்ப்பின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் பாதி ஒதுங்கிப்போயிற்று. 1906-ஆம் ஆண்டின் கடல்வழிக் காப்பீட்டுச் சட்டம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கியமான எல்லாவற்றையும் காப்பீடு எடுப்பவரே முன்வந்து சொல்ல வேண்டும் என்றது. எது முக்கியம்? விவேகமுள்ள ஒரு காப்பீட்டாளரின் முடிவை எது பாதிக்குமோ அது. கப்பல் முதலாளிகளுக்காக எழுதிய இந்த விதியை நீதிமன்றங்கள் வீட்டுக்கும் நகைக்கும் காருக்கும் சேர்த்தே பொருத்தின. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தண்டனையும் ஒன்றுதான்: பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாது.

சொல்லாமல் போன ஒரு புதுப்பிப்பு

அந்த விதி சாதாரணக் குடும்பத்தின் மேல் எப்படி இறங்கியது என்பதற்கு 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த லாம்பர்ட் வழக்கே சான்று. ஒரு பெண்மணி 1963-இல் தன் நகைகளுக்கும் கணவரின் நகைகளுக்கும் பாலிசி எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார். திருட்டுச் சிகரெட்டுகளை வாங்கியதற்காகக் கணவருக்கு முன்பே ஒரு தண்டனை இருந்தது. அதைக் கம்பெனி கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. 1971-இன் இறுதியில் கணவருக்குத் திருட்டுக் குற்றத்தில் 15 மாதச் சிறை கிடைத்தது. 1972-இல் பாலிசி வழக்கம்போல் புதுப்பிக்கப்பட்டது. அதன்பின் சில நகைகள் காணாமற்போக, அவர் 311 பவுண்டு கேட்டார். கம்பெனி மறுத்தது.

நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. புதுப்பிப்பு ஒவ்வொன்றும் புதிய ஒப்பந்தம். ஆகவே ஒவ்வொரு முறையும் சொல்லும் கடமை புதிதாகப் பிறக்கிறது. கணவரின் தண்டனை முக்கியமான செய்தி. மனைவி அதைத் தாமாகவே தெரிவித்திருக்க வேண்டும். இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு சாதாரண மனுஷிக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை என்று நீதிபதிகளே வருந்தினார்கள். வருத்தம் இருந்தது, சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சட்ட ஆணையம் 1980-இலும் மீண்டும் 2009-இலும் திருத்தம் கோரி அறிக்கை தந்தது. இதற்கிடையில் நிதிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம், பழைய சட்டத்தின் கடுமையைப் பின்பற்றாமல் நியாயத்தைப் பார்த்தே வழக்குகளைத் தீர்க்கத் தொடங்கியிருந்தது. புத்தகத்தில் ஒரு சட்டம், நடப்பில் இன்னொன்று என்ற நிலை நீண்டநாள் நீடித்தது.

2012-இல் வந்த மாற்றம்

நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் 2012-இல் நிறைவேறி 2013 ஏப்ரல் 6 முதல் நடப்புக்கு வந்தது. தாமாக முன்வந்து எல்லாவற்றையும் சொல்லும் கடமையை அது நுகர்வோரின் தோளிலிருந்து இறக்கி வைத்தது. இப்போது அவர் கடமை ஒன்றுதான்: கம்பெனிக்குத் தவறான தகவல் தராமலிருக்க நியாயமான கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்கும் பொறுப்பு கம்பெனியுடையது. மான்ஸ்ஃபீல்ட் தீர்ப்பின் மறந்துபோன இரண்டாம் பாதி ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சட்டமாயிற்று.

நியாயமான கவனம் எது என்பதை எடைபோட, கேள்வி எவ்வளவு தெளிவாகவும் குறிப்பாகவும் கேட்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். 'உங்களுக்குக் குற்றப் பின்னணி ஏதேனும் உண்டா' என்ற மங்கலான கேள்விக்கு வேகக்குற்ற அபராதத்தைச் சொல்லாமல் விட்டவரும், 'கடந்த 5 ஆண்டுகளில் உங்களுக்கோ பாலிசியில் பெயர் சேர்த்த எவருக்குமோ வாகனக் குற்றத் தண்டனை, அபராத நோட்டீஸ், உரிமத்தில் பாயிண்ட் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றவரும் ஒரே தட்டில் வைக்கப்பட மாட்டார்கள்.

புதுப்பிப்பைப் பற்றியும் சட்டம் தனியாகப் பேசுகிறது. முன்பு கொடுத்த விவரங்களைச் சரிபார்த்து உறுதிசெய்யுங்கள், மாறியிருந்தால் திருத்துங்கள் என்று கம்பெனி கேட்டு, வாடிக்கையாளர் பேசாமல் இருந்துவிட்டால் அந்த மௌனமே தவறான தகவலாகக் கருதப்படலாம். அதே நேரத்தில், பதில் சொல்வது ஏன் முக்கியம் என்பதைக் கம்பெனி எவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னது என்பதும் பார்க்கப்படும். பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும் பாலிசிகளில்தான் ஆபத்து அதிகம். அங்கே யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்ன 'இல்லை', இடையில் ஒரு கேமரா படம் பிடித்த பிறகும் 'இல்லை'யாகவே தொடர்கிறது.

இந்த 2012 சட்டம் தனிப்பட்ட தேவைக்காகக் காப்பீடு எடுப்பவருக்கே. லண்டனில் மினிகேப் ஓட்டும் தமிழர்களும், கார் நிறைய உணவுப் பொட்டலங்களும் பார்சல்களும் ஏற்றிப் பிழைக்கும் தமிழ் இளைஞர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். வாடகைக்கோ தொழிலுக்கோ எடுக்கும் வணிகப் பாலிசிக்கு 2016 ஆகஸ்ட் 12 முதல் நடப்பிலிருக்கும் 2015-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் பொருந்தும். அங்கே, கேட்காவிட்டாலும் முக்கியமானவற்றை நேர்மையாக எடுத்துவைக்கும் கடமை தொழில் செய்பவருக்கு இன்னும் உண்டு. அண்ணன் வீட்டுக் காருக்குச் செய்தது போலத் தம்பி தன் டாக்சிக்கும் செய்தால் போதும் என்று நினைக்கக் கூடாது.

ஒரே குற்றம், மூன்று கடிகாரங்கள்

குழப்பத்தின் மையம் இங்கேதான். ஒரே வேகக்குற்றத்துக்கு மூன்று கடிகாரங்கள் வெவ்வேறு நீளத்துக்கு ஓடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 2021 மே மாதம் 30 மைல் சாலையில் வேக வரம்பை மீறினார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் அது தண்டனையாகி, 3 பாயிண்டுடன் எஸ்பி30 என்ற குறியீடு உரிமத்தில் ஏறியது. முதல் கடிகாரம் மூன்றாண்டு. குற்றம் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் 12 பாயிண்ட் சேர்ந்தால் குறைந்தது 6 மாதத்துக்கு உரிமம் பறிபோகும். 2024 மே கழிந்தால் இந்த 3 பாயிண்ட் அந்தக் கணக்கில் சேராது. இரண்டாம் கடிகாரம் நான்காண்டு. குற்றம் நடந்த நாளிலிருந்து 4 ஆண்டு அந்தக் குறியீடு ஓட்டுநர் உரிமங்களைக் கவனிக்கும் ஸ்வான்சி அரசு அலுவலகமான டிவிஎல்ஏவின் பதிவில் இருக்கும். 2025 மே மாதத்தில் விழுந்துவிடும். மூன்றாம் கடிகாரம் ஐந்தாண்டு. கம்பெனிகள் பொதுவாகக் கேட்பது 5 ஆண்டுக்கு. அது குற்றத் தேதியிலிருந்து இல்லாமல் தண்டனைத் தேதியிலிருந்து ஓடுகிறது. ஆகவே 2026 ஜூலை வரை அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் 'ஆம்.'

2025 ஜூனில் பாலிசி புதுப்பிக்கும் அந்த மனிதரைப் பாருங்கள். அரசின் இணையதளத்தில் தன் உரிமத்தைத் திறக்கிறார். பாயிண்ட் ஏதுமில்லை, பதிவு சுத்தமாக இருக்கிறது. அரசாங்கமே அழித்துவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று 'இல்லை' போடுகிறார். அவர் பொய்யர் இல்லை. திரையில் கண்டதை நம்பினார். ஆனாலும் கொடுத்த பதில் தவறு. இந்த ஓராண்டு இடைவெளி எத்தனையோ நல்ல மனிதர்களைச் சிக்கவைக்கக்கூடிய குழி.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் கணக்கு தலைகீழாகிறது. டிஆர்10 என்ற அந்தக் குறியீட்டுக்குக் குறைந்தது 12 மாத ஓட்டத் தடை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மது என்பதே வரம்பு. டிவிஎல்ஏ பதிவில் டிஆர்10 தண்டனை நாளிலிருந்து 11 ஆண்டு இருக்கும். காரணம் உண்டு: 10 ஆண்டுக்குள் இதே குற்றம் மறுபடி நடந்தால் தடை குறைந்தது 3 ஆண்டாகிறது, அதைக் கணக்கிட நீதிமன்றத்துக்குப் பழைய பதிவு வேண்டும். ஆனால் காப்பீட்டுக் கேள்விக்கு அந்தத் தண்டனை அத்தனை காலம் உயிரோடு இருப்பதில்லை. சிறையின்றி, அபராதமும் தடையும் உரிமக் குறிப்பும் மட்டும் பெற்ற வயதுவந்தவருக்கு 5 ஆண்டில் அது காலாவதியாகிவிடுகிறது. 2019 மார்ச்சில் தண்டனை பெற்றவரின் பதிவில் 2030 மார்ச் வரை டிஆர்10 தெரியும். 2024 மார்ச்சுக்குப் பிறகு அதைக் கம்பெனியிடம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

எஸ்பி30 வைத்திருப்பவருக்குப் பதிவு அழிந்த பிறகும் சொல்ல வேண்டிய காலம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. டிஆர்10 வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டாத காலம் வந்த பிறகும் பதிவு நீடிக்கிறது. உரிமப் பதிவை மட்டும் பார்த்துப் படிவத்தை நிரப்புகிற இருவருமே பிழை செய்வார்கள்.

விடுவிக்கும் சட்டம்

சொல்லாமலிருக்கும் இந்த உரிமை யாரோ போட்ட சலுகை இல்லை. முன்னாள் லார்ட் சான்சலர் ஜெரால்ட் கார்டினர் தலைமையிலான குழு, பழைய தண்டனை ஒரு மனிதரை வாழ்நாள் முழுதும் துரத்துவது நியாயமா என்று ஆராய்ந்து 1972-இல் அறிக்கை தந்தது. அதன் விளைவு 1974-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம். குறித்த காலம் கடந்தால் தண்டனை காலாவதியாகும். அதன்பின் பழைய தண்டனைகளைப் பற்றிக் காப்பீட்டுக் கம்பெனி கேட்டாலும், அந்தக் கேள்வி காலாவதியானவற்றைக் குறிக்கவில்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தின்படி எல்லாவற்றையும் தெரிவிக்கும் கடமை இருந்தாலும் அது காலாவதியான தண்டனைகளைத் தொடாது. வணிகப் பாலிசி எடுக்கும் மினிகேப் ஓட்டுநருக்கும் இந்தக் காப்பு உண்டு.

2014 மார்ச்சில் பல தண்டனைகளுக்கான காலம் குறைக்கப்பட்டது. வயதுவந்தவருக்கு அபராதம் இப்போது ஓராண்டில் காலாவதியாகிறது. ஆனால் வாகனக் குற்றத்தில் அபராதத்தோடு உரிமக் குறிப்பும் சேர்ந்தே வருகிறது. குறிப்புக்கு 5 ஆண்டு, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இரண்டரை ஆண்டு. எது நீளமோ அது முடியும்வரை தண்டனை உயிரோடு இருக்கும். அபராதம் கட்டி ஓராண்டாகிவிட்டது என்று கணக்கை முடித்துவிடக் கூடாது.

இந்தச் சட்டத்தின் பயன் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களை அது சரியாகச் சென்றடையவில்லை. 8 ஆண்டுக்கு முந்திய டிஆர்10-ஐ ஒவ்வொரு படிவத்திலும் எழுதி, ஒவ்வொரு முறையும் உயர்ந்த பிரீமியத்தைத் தலைகுனிந்து கட்டுகிறவர், நேர்மையாக நடப்பதாகவே நினைக்கிறார். அவருடைய கடனை அவர் முன்பே தீர்த்துவிட்டார். மறுபடியும் தீர்க்கச் சொல்லும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் இல்லை. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அறிந்தவர்களின் பொறுப்பு.

தண்டனையே இல்லாத சிலவற்றை எழுதி வைப்பவர்களும் உண்டு. கவுன்சில் ஒட்டிவிட்டுப் போகும் பார்க்கிங் அபராதம், லண்டன் நெரிசல் கட்டணம் கட்டாததற்கான நோட்டீஸ், பஸ் பாதையில் கேமரா பிடித்த அபராதம் ஆகியவை குற்றத் தண்டனை ஆகா. உரிமத்தில் பாயிண்டும் ஏறாது. வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போய்ப் பாயிண்டைத் தவிர்த்தவருக்கும் தண்டனை கிடையாது. தண்டனை உண்டா என்று கேட்டால் அவர் 'இல்லை' என்பது சரியே. ஆனால் வகுப்புக்குப் போனீர்களா என்று படிவம் தனியாகக் கேட்டால், போனதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறைத்தால், மறந்தால்

தவறான பதில் வெளிப்படும் நாள் பெரும்பாலும் விபத்துக்குப் பிந்திய நாள்தான். உரிம எண்ணை வைத்து டிவிஎல்ஏ பதிவை நேரடியாகப் பார்க்கும் வசதி இப்போது கம்பெனிகளுக்கு இருக்கிறது. பழைய கிளெய்ம்களுக்கும் தனித் தரவுத்தளம் உண்டு. பாலிசி விற்கும்போது சரிபார்க்காத கம்பெனியும் கிளெய்ம் வந்ததும் சரிபார்க்கும்.

தெரிந்தே பொய் சொன்னாலோ, உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமல் சொன்னாலோ கம்பெனி பாலிசியைச் செல்லாததாக்கலாம். எல்லா கிளெய்ம்களையும் மறுக்கலாம். பெரும்பாலும் பிரீமியத்தையும் திருப்பித் தர வேண்டியதில்லை. பொய் சொல்லி வாகனக் காப்பீடு பெறுவது 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி தனிக் குற்றமும் ஆகும்.

கவனக்குறைவு என்றால் சட்டம் கணக்குப் பார்க்கிறது: உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும்? பாலிசியே தந்திருக்காது என்றால் பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம். கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கும் என்றால் அதே விகிதத்தில் கிளெய்மைக் குறைக்கலாம். 600 பவுண்டு வாங்கியிருக்கிறது, எஸ்பி30 தெரிந்திருந்தால் 800 கேட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது நான்கில் மூன்று பங்கு; 4,000 பவுண்டு சேதத்துக்கு 3,000 கிடைக்கும். மீதி 1,000 கைக்காசு. பிரீமியம் எந்த வகையிலும் மாறியிருக்காது என்றால் குறைக்கவே முடியாது. இந்தக் கணக்கை எழுத்தில் காட்டும்படி கேட்க வாடிக்கையாளர் தயங்கக் கூடாது.

மோதிக் காயப்படுத்தப்பட்ட மூன்றாம் நபரின் நிலை வேறு. அவர் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. விபத்துக்குப் பிறகு பாலிசி செல்லாது என்று நீதிமன்றத்தில் அறிவிக்கச் செய்து அவரைக் கைவிடும் வழி கம்பெனிகளுக்கு முன்பு இருந்தது. ஃபிடெலிடாடே வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் அளித்த தீர்ப்பையொட்டி, 2019 நவம்பர் 1 முதல் பிரிட்டன் அந்த வழியை அடைத்தது. காயம்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். கொடுத்ததைத் தவறான தகவல் தந்த ஓட்டுநரிடம் வசூலிக்க முயலலாம். உடைந்த காரைவிட இந்தக் கடன்தான் ஒரு குடும்பத்தை நெடுங்காலம் அழுத்தும்.

இன்னொரு விளைவும் உண்டு. 'உங்கள் காப்பீடு எப்போதாவது ரத்தாகியிருக்கிறதா' என்ற கேள்வி அதன்பின் ஒவ்வொரு படிவத்திலும் வரும். எஸ்பி30 ஐந்தாண்டில் தீரும். இந்தக் கேள்வியில் பல கம்பெனிகள் ஆண்டு வரம்பே வைப்பதில்லை. ரத்தான பாலிசியை நம்பிக் காரை எடுத்தால் ஐஎன்10, அதாவது காப்பீடின்றி ஓட்டிய குற்றம். அதற்கு 6 முதல் 8 பாயிண்ட். உரிமம் பெற்று இரண்டாண்டு ஆகாத இளைஞருக்கு 6 பாயிண்டிலேயே உரிமம் போய்விடும்.

வீட்டு மேசையில்

பல தமிழ் வீடுகளில் அப்பாவின் இன்சூரன்ஸைப் பார்ப்பது பிள்ளைதான். விலை ஒப்பிடும் இணையதளத்தைத் திறந்து, போன ஆண்டுப் பதில்களை அப்படியே விட்டு, மளமளவென்று அடுத்த பக்கம் போய், மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பாவுக்கு அபராதம் வந்ததைப் பிள்ளையிடம் சொல்லக் கூச்சம். கேட்கப் பிள்ளைக்குத் தயக்கம். பாலிசியில் அம்மாவின் பெயரும் இருக்கும்; அவருக்கு ஒரு சியு80, கையில் செல்போனோடு ஓட்டியதற்கு 6 பாயிண்ட், வந்தது யாருக்கும் நினைவிருக்காது. படிவம் எல்லா ஓட்டுநர்களைப் பற்றியும் கேட்கிறது. யார் விரல் பொத்தானை அழுத்தியிருந்தாலும் பதில் பாலிசிக்காரருடையது.

அதனால் புதுப்பிப்புக்கு முன் ஒரு மாலை ஒதுக்கி, உரிமம் உள்ள எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். 2015 ஜூன் 8-இல் உரிமத்தின் காகிதப் பகுதி ஒழிக்கப்பட்ட பிறகு, பாயிண்ட் விவரம் இணையத்தில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரியாகக் குறியீடு, குற்றத் தேதி, தண்டனைத் தேதி மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். நான்காண்டு கடந்து பதிவிலிருந்து விழுந்தவற்றுக்குப் பழைய நீதிமன்றக் கடிதமோ அபராத நோட்டீஸோ வேண்டும். அவற்றைக் கிழித்தெறியாமல் ஒரு கோப்பில் வைத்திருப்பது நல்லது. தண்டனைத் தேதியோடு 5 ஆண்டைக் கூட்டினால் சொல்ல வேண்டிய கடைசி நாள் கிடைத்துவிடும். அனுப்பும் முன் பதில்களின் நகலையும் எடுத்து வைக்க வேண்டும். பாலிசி ஆண்டின் நடுவில் தண்டனை வந்தால் உடனே தெரிவிக்க வேண்டுமா என்பது பாலிசியின் நிபந்தனையைப் பொறுத்தது; அடுத்த புதுப்பிப்பில் கேட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முன்பு கொடுத்த பதில் தவறென்று இப்போது தெரிந்தால், விபத்து நடக்கும் முன் கம்பெனியை அழைத்துத் திருத்துவதே வழி. பிரீமியம் கூடலாம். கிளெய்மை அவர்கள் நியாயமின்றி மறுத்தாலோ, காலாவதியான தண்டனையைக் காரணம் காட்டினாலோ முதலில் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். பதிலளிக்க அவர்களுக்கு 8 வாரம். இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கேட்கிறவர்களிடம் கேட்க வேண்டியவை

பொறுப்பை முழுக்க வாடிக்கையாளர் தலையிலேயே கட்டிவிட முடியாது. கேட்கும் கடமையைச் சட்டம் கம்பெனியிடம் கொடுத்திருக்கிறது. அதை நன்றாகச் செய்ய அவர்களால் முடியும். 'கடந்த 5 ஆண்டுகளில்' என்று எழுதும் இடத்தில், பாலிசி தொடங்கும் நாளிலிருந்து கணினியே பின்னோக்கி எண்ணி 'இன்ன தேதிக்குப் பிறகு தண்டனை பெற்றீர்களா' என்று கேட்கலாம். குற்றத் தேதியா தண்டனைத் தேதியா என்ற ஐயம் அந்த வரியிலேயே தீர்ந்துவிடும். பழைய பதில்களின் பட்டியலை விலைக்குப் பக்கத்தில், முதல் பக்கத்திலேயே அச்சிடலாம். பதிலை முன்கூட்டியே நிரப்பி வைக்காமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். காலாவதியானவற்றைச் சொல்ல வேண்டாம் என்ற குறிப்பைக் கேள்விக்குக் கீழேயே போடலாம். டிவிஎல்ஏ தன் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே அது காலாவதியாகும் நாளைக் காட்டலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை.

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் தமிழர்கள் கூடும் மண்டபங்கள் பல இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை மாலை, சட்டம் தெரிந்த ஒருவரையும் கணினி இயக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களையும் அங்கே உட்கார வைத்தால் போதும். வருகிறவர்கள் உரிம எண், நேஷனல் இன்சூரன்ஸ் எண், புதுப்பிப்புக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுவந்தால், ஒவ்வொருவரும் தமக்கும் தம் பாலிசியில் இருப்பவர்களுக்கும் உரிய தேதிகளை எழுதிக்கொண்டு வீடு திரும்பலாம். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை அப்படி ஒரு மாலையை வரும் ஆண்டிலேயே நடத்த வேண்டும் என்ற வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகிறது.